இரண்டு துண்டு

சவுனாவிலிருந்து ஏரிக்குப் போகும் பலகையில்
என் ஈரத் தடம் எப்போதும் இரண்டு துண்டு.
குதிகால். விரலடி.
நடுவே காய்ந்த மரம்.

குவோப்பியோ பனியில் தபால் பையோடு
இருபத்திரண்டு வருடம்.
பூட்ஸின் வெளியோரம்தான் முதலில் தேயும்,
கணுக்கால் சொல்லாமல் பிசகும்.
எதையோ பற்றப்போவதுபோல்
விரல்கள் மடங்கியே கிடக்கும்.
"என்ன அழகான வளைவு!" என்றாள் கடைக்காரி.
பாலத்தின் அழகைத் தூண்களிடம் கேட்க வேண்டும்.

மருத்துவர் ஊசிமுனையால் தொட்டு
"தெரிகிறதா?" என்றார்.
"தொட்டுவிட்டீர்களா?" என்றேன்.

இன்று வியெனோ எனக்கு முன்னால் ஓடித்
தண்ணீரில் தொப்பென்று விழுந்தாள்.
ஏழு வயது.
பலகை நெடுக அவள் தடங்கள்
இரண்டிரண்டு துண்டாக.

வெயில் அவற்றைக் குடிக்கும்வரை
நகராமல் நின்றேன்.

"வாங்கப்பா, குளிரவே இல்ல!"
பல் கிட்டிக்கப்
பொய் சொன்னாள்.