பிடித்துவைத்தல்

முருகேஷ்பாளையத்துச் சோதனைக்கூடம்.
பதினேழாம் எண் டைட்டானியத் துண்டை
இழுத்தேன் விட்டேன், இழுத்தேன் விட்டேன்.
நாற்பதாயிரம் தடவை தாங்கியது.

பதினெட்டுக்கும் அதே சுமைதான்.
இழுத்து, உச்சத்தில் இரண்டு நிமிடம்
விடாமல் பிடித்துவைத்தேன்.
ஒன்பதாம் நாள் விடிகாலை, ஆறாயிரத்தில்
டப்.
கேன்டீன் பையன் தட்டு விழுந்ததென்று நினைத்தானாம்.

நுண்ணோக்கியில் பார்த்தால்
விரிசல் மேற்பரப்பில் தொடங்கவேயில்லை.
உள்ளே, ஒரு படிகத்தின் முகம்
கண்ணாடியாய் மழமழவென்று.
அங்கிருந்து வரிவரியாய் வெளியே.

தணிகை,
நாம் கத்திச் சண்டைபோட்ட வருஷங்களில்
பாத்திரங்கள்தான் நெளிந்தன.
இந்த ஆடியிலிருந்து
ஒன்றும் சொல்லாமல் நீயே சோறு போட்டுக்கொள்கிறாய்.

அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில்
‘சுமை கூடவில்லை’ என்று எழுதிவிட்டு
பழைய ஏர்போர்ட் ரோட்டில் நிற்கிறேன்.
மூன்று 335-இ போய்விட்டன.