பால்வெட்டு

பிறந்த பதினோராம் மணிநேரத்தில்
களியக்காவிளை எல்லையைக் கடந்தாள் மகள்,
குப்புறக் கிடந்தபடி.
ரெஜிலா குழித்துறையில் தையலோடு கிடந்தாள்.
ஆம்புலன்ஸில் நானும் தங்கச்சி ஷைனியும்.
முதுகின் கீழே அரை எலுமிச்சை அளவில்
தோல் மூடாத ஒரு குமிழ்;
அதன்மேல் இட்ட துணி காயக்கூடாதாம்.
நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை,
சிக்னலுக்குச் சிக்னல்
ஷைனி உப்புத்தண்ணி சொட்டினாள்.

திருவனந்தபுரத்து டாக்டர் தாளில் வரைந்து காட்டினார்:
வெளியே வந்த நரம்பை உள்ளே இருத்தி,
உறையைத் தைத்து,
இருபக்கத் தோலையும் இழுத்து மூடுவது.
கால் அசையுமா என்றேன்.
"அது இதிலே வராது" என்றார், தமிழில், மெதுவாக.
ஒப்பிட்ட தாளில் தொழில் என்ற இடத்தில்
ரப்பர் பால்வெட்டு என்று எழுதினேன்.
அவர் பேனா கொஞ்சநேரம் அங்கேயே நின்றது.
பணத்தைத்தான் யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

நாலு மணிநேரம்.
பட்டை மட்டும் போகணும், தடியில் கத்தி படக்கூடாது,
பட்டால் மரம் ஆயுசுக்கும் முண்டுமுண்டாய்க் காட்டிக்கொடுக்கும்.
இருபது வருஷம் இருட்டில் செய்த வேலை.
அந்த வராந்தாவில் என் கை
தானாகவே சாய்த்துச் சாய்த்து
காற்றைச் சீவிக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் தலை வீங்கி, இன்னொரு ஆப்ரேஷன்:
தலையிலிருந்து வயிற்றுக்கு, தோலுக்கடியில் ஒரு குழாய்.
இருபத்தாறாம் நாள் வீட்டுக்கு விடும்போதுதான்
சிஸ்டர் லீலாம்மா சொன்னாள்:
"ரப்பர் வேண்டா, கேட்டோ.
பலூண் வேண்டா, கிளவுஸ் வேண்டா, நிப்பிள் வேண்டா.
இங்ஙனத்த குட்டிகளுக்கு அது பற்றில்லா."
சிலருக்கு மூச்சே நின்றுபோகும் என்று
தமிழிலும் சொன்னாள்.
நான் என் விரல்களைப் பார்த்தேன்.
எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் ஒட்டுப்பால்.

இப்போது ஜெபினாவுக்கு நாலு வயசு.
நாளுக்கு அஞ்சு முறை சிலிக்கான் குழாய் வைத்து
மூத்திரம் எடுக்கிறோம்.
பகல் ரெஜிலா, ராத்திரி நான்.
பிறந்தநாளுக்குக் காகிதத் தோரணம்.
எதிர்வீட்டுப் பையன் பலூனோடு வந்தால்
ஷைனி வேலியிலேயே மறித்து
முட்டாய் கொடுத்து அனுப்புவாள்.

வெட்டை விடவில்லை. வேறு தெரியாது;
குழாய்க்கும் காலிபருக்கும் அந்தப் பால்தான் காசு.
ஷீட்டை வெள்ளறடையில் போட்டுவிட்டு
கிணற்றடியில் குளித்து,
பிலாவில் தொங்கும் வேறு சட்டை மாற்றித்தான் படியேறுவேன்.

காலிபரை டக்டக்கென்று ஊன்றி
கதவுவரைக்கும் வருவாள்; அங்கே நின்று
மூக்கைச் சுருக்குவாள்.
"அப்பா, சோப்பு போட்டியா?"
ரெண்டு கையையும் நீட்டுகிறேன்.
மோந்து பார்க்கிறாள்.
"இன்னொருக்கா" என்கிறாள்.
திரும்பவும் கிணற்றடிக்குப் போகிறேன்.