ஒரு பக்கத்துக் கிரீஸ்

நான் பிறந்த குளிர்காலத்தில் நாட்டில் கரி இல்லை.
ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலே விடவில்லையாம்.
பிறகுதான் மலையிறங்கும் தண்ணீரை மடக்கிக்
கம்பியில் ஏற்றினார்கள்.
எனக்குப் பத்து வயதாகும்போது இது வந்தது:
உச்சியில் பதினையாயிரம் வோல்ட்,
வளர்ந்த ஆளின் நெற்றி உயரத்துக்குச் சக்கரம்.

ரோர்ஷாக் பணிமனையில் எனக்குக் கிடைத்தது
இதற்குக் கிரீஸ் வைக்கும் வேலை.
ஒரே பக்கத்துக்கு.
மோட்டார்கள் தம் விசையை அந்தப் பக்கமாகத்தான் இறக்கும்.
சக்கரத்துக்கு வெளியே ஒரு பெரிய பற்சக்கரம்,
அதன் வயிற்றுக்குள் இரண்டு நெம்புகோல்கள்
பல்லோடு பல் கோத்தபடி.
தண்டவாளம் தூக்கிப் போட்டால் சக்கரம் குதிக்கும்,
நெம்புகோல்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்,
மேலே மோட்டாருக்குச் சேதி போகாது.
குடித்தனம் நடத்தத் தெரிந்தவன் வரைந்தது
என்பார் ஃபோர்மன் ஹுங்கர்பியூலர்
(அவர் பிரம்மச்சாரி).

மறுபக்கம் ஒன்றுமே கிடையாது,
ஆரக்கால் தெரியும் வெறும் சக்கரம்.

ஷ்டாட் கேட்டில், ஏரிப்பக்கத்து அறையில், ஒட்டிலியா.
கைப்பிடி சுற்றித் தடையை இறக்குவாள்.
வண்டி தாண்டும்வரை அதை விட்டு அசையக்கூடாது.
"உன் எஞ்சினில் ஒரு மூடியும் இல்லை," என்றாள்.
"இருக்கிறது. மலைப்பக்கம்."
"பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன்."
"பன்னிரண்டு வருடமாகக் கை வைக்கிறேன்."
அந்தச் சனிக்கிழமை
சைடர் கோப்பைகள் இரண்டும் நுரை அடங்கிக் கிடந்தன.

நவம்பர். ஏரி தெரியாத பனிமூட்டம்.
பெரிய பட்டறைக்குப் போய்த் திரும்பிய எஞ்சினை
எவனோ திருப்புமேடையில் ஒரு சுற்றுச் சுற்றி
முன்பின்னாக அனுப்பிவிட்டான்.
நான் கவனிக்கவில்லை. எனக்கு எந்தப் பக்கமானால் என்ன,
கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு
மூடி இருக்கும் இடத்துக்குப் போவேன்.

எட்டு பன்னிரண்டுக்கு இலாகா போன் அடித்தது.
"எக்ஸ்பிரஸ் சக்கரத்தின்மேல்
நாலு இரும்புத் தட்டு அப்பியிருக்கிறது.
அடுத்த ஸ்டேஷனில் நிறுத்தச் சொல்லவா?"
விதிப்படி பேர், கேட் எண், நேரம்,
எல்லாம் சொன்னாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.
கம்பியில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.
தூரத்தில் தடை ஏறுகிற மணி.

பிறகு மெதுவாக,
"நாலாவதில் கிரீஸ் வழிகிறது.
அதிகமாக வைக்கிறாய்."

உண்மைதான்.
அந்த நாலாவதுக்கு எப்போதும்
ஒரு கை கூடத்தான் வைப்பேன்.