கொண்டுபோகக் கூடாதவை

காலை ஆறே முக்கால். சின்னாறு செக்போஸ்ட்.
ஏழு பேர், ஒன்பது பிளாஸ்டிக் பாட்டில்.
ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி
இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார் பினோய் சார்.
திரும்பும்போது காட்டினால் காசு திரும்பும்.

என் பங்கை நான் சொன்னேன்:
கல், இறகு, விதை, உதிர்ந்த கொம்பு
எதையும் எடுக்கக் கூடாது.
யானை வந்தால் என் முதுகைப் பாருங்கள்,
யானையைப் பார்க்காதீர்கள்.
சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

கோயம்புத்தூர்த் தம்பதிக்கு நரை அணில் வேண்டும்.
கல்லூரிப் பையன்கள் மூவருக்கு நீர்நாய்.
அவர்களோடு வந்த வன்யாவுக்கு
ஒரு கோடாவது சிக்னல்.
தனியாக வந்தவர் நாச்சிமுத்து,
மடித்துக் கட்டிய வேட்டி,
முதுகில் பேரனுடைய பள்ளிக்கூடப் பை.
தாராபுரம் தாண்டிக் கிழக்கே, கடைமடை.
உங்களுக்கு என்ன பார்க்கணும்?
"தண்ணிங்க அம்மிணி."

நீர்மருதின் கவட்டில் அணிலைக் காட்டினேன்.
வால் தொங்கிக்கொண்டிருந்தது
யாரோ மறந்துபோன துண்டுபோல.
எல்லாரும் அண்ணாந்தார்கள்.
அவர் குனிந்தே வந்தார்,
காய்ந்த ஓடை மணலைச் செருப்பு நுனியால் கிளறிக்கொண்டு.
"இது எப்ப ஓடும்?"
ஐப்பசியில்.
"அந்தா, அது?"
ஓடினால் உண்டு.
"எங்க வாய்க்காலுக்குச் சொந்தக்காரனாட்ட இருக்குது."

பாம்பாற்றுக் கரையில் இட்லிப் பொட்டலம் பிரிந்தது.
ஆடி மாதம்,
ஆனாலும் எங்கள் பக்கம் ஓர் இலை நனையவில்லை.
மறையூருக்கும் மேலே மலை மூடியிருந்தது.

நடு ஆற்றில் ஒரு பாறை, அதுதான் என் அளவுகோல்.
அதன் கழுத்தில் நுரை ஒரு விரல் ஏறியது.
தண்ணீர் மெல்லக் கட்டஞ்சாயா நிறத்துக்குப் போனது.
பிறகு, மிதந்து வந்தது
காந்தளூர்த் தோட்டத்துக் கேரட் தழை ஒன்று.

எழுந்திருங்க.
இட்லி அப்புறம். மேலே ஏறுங்க.
"மழையே இல்லையே அக்கா?"
இங்கே இல்லை.

வந்தது. சத்தம்கூட அவ்வளவு இல்லை.
கம்பளியை உதறி விரித்ததுபோல வந்து
நாங்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தது.
ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டது.
வன்யா என் மணிக்கட்டைப் பிடித்தவள்
வெகுநேரம் விடவில்லை.

நாச்சிமுத்து விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.
"அணைக்குப் பொழுது சாய.
அணையில எத்தன நாளோ, அது ஆபீஸர் கையில.
தொறந்தா தாராபுரம் ரெண்டு நாளு, மூணு நாளு.
எங்க மடைக்கு..."
அடுத்த கையையும் எடுத்தார்.
அதுவும் போதவில்லை.

செக்போஸ்டில் எட்டு பாட்டில் காலி.
ஒன்பதாவது நிறைந்திருந்தது, கலங்கலாக.
எப்போது இறங்கி மொண்டார், நான் பார்க்கவில்லை.
என் வேலையில் அது தப்பு.
பினோய் சார் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
"இதெந்தா?"
"ஆத்துத் தண்ணிங்க."
"காட்டீந்து ஒண்ணும் எடுக்கான் பாடில்லா, கேட்டோ."
"நான் எடுக்காட்டியும் அது எங்கூருக்குத்தானுங்க பொறப்பட்டிருக்குது.
வந்து சேரறதில்ல, அவ்வளவுதான்."

பினோய் சார் என்னைப் பார்த்தார்.
நான் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தேன்.
கல் இருந்தது, இறகு இருந்தது.
ஒரு முறை மேலிருந்து கீழாக,
ஒரு முறை கீழிருந்து மேலாக.

இருபது ரூபாயைக் கேட்டு வாங்கினார் நாச்சிமுத்து.
"பாட்டில் வெளிய போவுதுங்களே."
உடுமலை பஸ்ஸில் ஜன்னலோரம்,
மடியில் பாட்டில்.
அதன் அடியில் மண் இறங்கத் தொடங்கியிருந்தது,
மேலே உழுத யாரோ ஒருவரின் மண்.

பதினொரு மணிக் குழுவுக்கு
ஆற்றுப் பாதை கிடையாது என்று போன் செய்தேன்.
ரிஜிஸ்டரில், காணப்பட்டவை:
நரை அணில், ஒன்று.
நீர்நாய் இல்லை. யானை இல்லை.
கட்டம் முடிந்துவிட்டதால் ஓரத்தில்,
சின்ன எழுத்தில்:
கேரட் தழை, காலை எட்டு நாற்பது.