ஏழாவது கட்டம்

மை உறைந்துவிடுகிறது.
பேனாவை அக்குளில் செருகிச் சூடேற்றினால்தான்
ஜூலையில் இங்கே எதையும் எழுத முடியும்.
மொகொட்லோங் மலையில் ஜூலை என்றால் பனி.

பெயர்: மாலெஃபா.
வயது: பத்தொன்பது.
உயரம், சுவரில் நான் கீறிவைத்த கோட்டுக்கு
இரண்டு விரல் கீழே.
ரத்தம் எட்டு புள்ளி ஒன்று.
கணுக்காலை அழுத்தினேன்,
விழுந்த குழி எழுந்திருக்க நேரமெடுத்தது.
முதல் பேறு முடிந்து பதினோரு மாதம்.
ஏழாவது கட்டம்:
முன்பு குழந்தை இறந்து பிறந்ததுண்டா?

எங்கள் பக்கம், கட்டிக்கொண்டு வந்ததுமே
மாமியார் வீட்டில் புதுப்பெயர் வைத்துவிடுவார்கள்,
இன்னும் உண்டாகாத தலைப்பிள்ளைக்குத் தாய் என்று.
எனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது.
லெஃபா என்றால் சொத்து.
போன ஆகஸ்டில் வந்தான் லெஃபா,
நீலமாக, மூச்சில்லாமல்,
பத்து விரலிலும் நகத்தோடு.
அவன் போனான், பெயர் போகவில்லை.
குழாயடியில் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.
கடைக்காரரின் கடன் நோட்டிலும் அதுதான்.
வெல்கோம் சுரங்கத்திலிருந்து கணவன் போனில் அழைப்பதும் அதுவே.
நானும் இப்போது முதல் வரியில் எழுதினேனே.
ஏழாவதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை.
டிக் போட்டேன்.

கணவாய் பனியில் மூடிக்கிடப்பதற்குக் கட்டம் இல்லை.
கடன் வாங்கிய குதிரை பாதிவழியில் நொண்டியதற்கு இல்லை.
வண்டிக்காசு சோளமாவாகிப் போனதற்கு இல்லை.
போன ஆகஸ்டில், அந்த மூன்று நாளும்,
மசேருவில் ஒரு ரப்பர் பொம்மைக்கு
மூச்சு கொடுக்க நான் பழகிக்கொண்டிருந்ததற்கு
நிச்சயமாக இல்லை.
சான்றிதழ் அலமாரிக்குள் இருக்கிறது.
மாட்டி வைக்கவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு வந்தது,
ஐந்து வாரம் முந்தி.
பெண்.
அழவில்லை.
துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன்,
தலையை நிமிர்த்தி முகமூடியைப் பொருத்தினேன்.
அழுத்து, விடு, விடு.
அழுத்து, விடு, விடு.
பொம்மை ஒருநாளும் இப்படி வழுக்கியதில்லை.
மாலெஃபா தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.
தகரக் கூரையைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள்.
எதை என்று இதுவரை கேட்கவில்லை நான்.
நாற்பதோ ஐம்பதோ சொன்னபோது
பூனை தும்மியதுபோல ஒரு சத்தம்.
எண்ணுவதை நிறுத்தினாள்.

ஆயிரத்து எழுநூற்று நாற்பது கிராம்.
இன்குபேட்டர் கீழே, மாவட்ட ஆஸ்பத்திரியில்.
பாதை எங்கே என்று பனிக்குத்தான் தெரியும்.
மார்போடு வைத்துக் கட்டி
அவளுடைய கம்பளியையே மேலே சுற்றி
ஊக்கு மாட்டினோம்.
ஆட்டுரோம வாசனைக்குள் ஒரு பிடி உயிர்.
"விடியும்வரை இப்படியே இரு."
"விடிந்தபிறகு?"
"அப்போதும் இப்படியேதான்."

காலையில் பதிவேட்டை முடிக்கவேண்டியிருந்தது.
குழந்தைக்குப் பெயர்?
இப்போது வேண்டாம் என்றாள்.
சொல்லும்போதே கை கம்பளியை இறுக்கியது.
பெயரில்லாத பிள்ளைக்குத் தாய்பெயரைப் போடுவது விதி.
எழுதினேன்: மாலெஃபாவின் குழந்தை.
எழுதியபின்தான் கண்ணில் பட்டது,
ஒரே வரியில் இரண்டு பேரும் இருந்தார்கள்.

அந்த ஈர எழுத்தைக்
காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தேன்.