ஈரமாய் ஒரு நிமிடம்

டாண்டினோங், ஜூலை, இரவு பத்தே முக்கால்.
பதினேழாம் அறைக் கதவில் மஞ்சள் அட்டை.
முதலில் மேலங்கி, அப்புறம் கையுறை,
அப்புறம்தான் நான்.

உள்ளே இருப்பதை எந்த மருந்தும் அசைக்கவில்லையாம்.
மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்று அதன் பெயர்.
நர்ஸுகள் அதைச் சொல்லும்போது குரல் தாழும்,
கடன் கொடுத்தவன் வாசலில் நிற்பதுபோல.

நான் துடைப்பவள்.
கட்டில் கம்பி, மேசை விளிம்பு, குழாய்த் திருகு,
கதவுப் பிடி, இரண்டு பக்கமும்.
துணியை மடித்துத் திருப்பாமல் அடுத்த இடத்துக்குப் போகக்கூடாது.
துடைத்ததை உலர்த்தவும் கூடாது:
ஈரமாய் ஒரு நிமிடம் கிடக்க வேண்டும்,
அந்த நிமிடத்தில்தான் அது சாகும்.
இந்த வேலையில் பாதி, சும்மா நிற்பது.
மேற்பார்வையாளருக்கு அது பிடிக்காது.

செவ்வாய்க்கிழமை ப்ரோன்வின் வந்தாள்,
தொற்றுத் தடுப்புப் பிரிவு, கையில் ஊதா டார்ச்.
முந்தின நாள் நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோன நேரம்
பன்னிரண்டு இடத்தில் நிறமில்லாத பொட்டு வைத்திருக்கிறாள்.
துடைத்திருந்தால் போயிருக்கும். இல்லாவிட்டால் ஒளிரும்.
விளக்கை அணைத்தாள்.
கம்பி இருட்டு. மேசை இருட்டு. குழாய் இருட்டு.
இருட்டுக்காக இத்தனை சந்தோஷப்பட்டதில்லை நான்.

பிறகு படுக்கையின் நடுவே நீலமாய் ஒன்று:
அழைப்பு மணியின் பொத்தான்.
அதிலிருந்து கொஞ்சம் அவர் கட்டைவிரலில்.
கட்டைவிரலிலிருந்து புருவத்தில்.

"பதினொன்று. மோசமில்லை," என்று எழுதிக்கொண்டாள்.

ஏன் விட்டேன் என்று எனக்குத் தெரியும்.
லெஃப்டெரிஸ் அந்த மணியைக் கீழே வைப்பதே இல்லை,
தூக்கத்திலும் நெஞ்சோடு பிடித்திருப்பார்.
அழுத்தினால் ஒருவர் வர ஏழு நிமிடம்,
நாடா முடிய, கையுறை மாட்ட.
பிடுங்க மனசு வரவில்லை.
என் இரக்கத்துக்கு அடியில்
அது சௌகரியமாய்க் குடியிருந்திருக்கிறது.

இன்றிரவு கேட்டேன், ஒரு நிமிடம் தாருங்கள் என்று.
என் ஆங்கிலம் அவருக்கு எட்டவில்லை, அவர் கிரேக்கம் எனக்கும்.
ஒரு விரலைக் காட்டினேன்.
யோசித்தார்.
ஒவ்வொரு விரலாய்த் தளர்த்தினார்.

பொத்தான், இடுக்கு, வயரில் ஒரு முழம்.
ஈரம் மினுங்கிற்று.
அறுபது விநாடி, அவருக்கு மணி கிடையாது.
போகமாட்டேன் என்பதற்குத் தரையைச் சுட்டிக்காட்டி
கட்டிலோடு ஒட்டி நின்றேன்.

நாற்பதோ என்னவோ எண்ணியிருப்பேன்.
"நர்ஸ்," என்றார்.

நர்ஸ் இல்லை நான்.

"ம்," என்றேன்.