மாதக் கடைசி, தங்கச்சிமடம்

மாதக் கடைசியானால்
பிரெஞ்சு அரசாங்கம் என்னை ஒன்று கேட்கும்:
இன்னும் வேலை தேடுகிறீர்களா?
ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம்.

கைபேசியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு
செலஸ்டின் அத்தானின் விசைப்படகில் நிற்கிறேன்.
கரையில் சிக்னல் கிடையாது.
அணியத்தில் ஏறினால் கிடைக்கிறது,
அதுவும் இலங்கையுடையது.
எங்கள் நாட்டுக்கு நல்வரவு என்கிறது
நான் ஒருநாளும் போயிராத நாடு.

தடைக்காலம்.
கண்ணுக்கெட்டிய மட்டும் படகுகள்
ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கின்றன.
"மீனுக்குச் சங்கம் இருக்கு மாப்ள,
அறுபத்தோரு நாளு பிள்ளப்பேறு லீவு
வாங்கிக் குடுத்துருக்கு பாரு."
அத்தான் பலகையைச் சுரண்டுகிறார்.
பழைய பச்சைச் சாயம்
முழங்கை வரைக்கும் உதிர்கிறது.

"அங்க சும்மா இருக்கவே சம்பளமாமே?"

சும்மா இல்லை அத்தான்.
அதற்கு ஷோமாஜ் என்று பெயர்.
பார்சல் கிடங்கில் நாலு வருடம்
ராத்திரி ராத்திரியாக நின்றேன்.
சம்பளச் சீட்டில் இருபது வரிக்குமேல் கணக்கு,
எந்த வரி இதற்கென்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கிடங்கை மூடப்போகிறோம் என்ற அன்று
சங்கத்தார் வந்தார்கள்.
வாசலில் டயர் எரிந்தது,
பக்கத்திலேயே சாசேஜ் சுட்டார்கள்.
மேளம், பலூன், சிவப்பு ஜாக்கெட்.
சப்பரம் ஒன்றுதான் குறை.
மொரிசெத் என்று ஒருத்தி,
மைக்கில் கத்தித் தொண்டை கட்டியவள்,
விரலை ஓட்டி ஓட்டிப் பட்டியலில் என் பெயரைத் தேடினாள்.
இழப்பீடு நிரந்தரக்காரர்களுக்கு.
நான் ஏஜென்சி வழியாக வந்தவன்.
அதே இழப்பீட்டுக்காகப் பதினோரு நாள்
பனியில் நானும்தான் நின்றேன்,
மாலி நாட்டு பக்காரியும் நின்றான்.
சாசேஜை என்னிடம் தந்துவிட்டு
வெறும் ரொட்டியைத் தின்றான் அவன்.

ஆனாலும் வியாழக்கிழமை
விடுப்பு போட்டுவிட்டு மொரிசெத் வந்தாள்,
வேலையில்லாதோர் அலுவலகத்துக்கு,
என்னோடு.
எனக்கு வராத பாஷையில்
எனக்காகச் சண்டை போட்டாள்.
அவளை வையவும் முடியவில்லை.
முழு மனதாய் ஒரு நன்றி சொல்லவும் வரவில்லை.

"இங்கயும் சங்கம் இருக்கே" என்கிறார் அத்தான்.
இருக்கிறது. படகு வைத்திருப்பவர்களுடையது.
ஸ்டிரைக் என்று ஒலிபெருக்கி அறிவித்தால்
கூலிக்கு ஏறுகிறவன் கொடியைப் பார்ப்பதில்லை,
கடைப் பாக்கியை எண்ணுகிறான்.
அத்தான் இதற்குப் பதில் சொல்லவில்லை.
கொஞ்சம் அழுத்திச் சுரண்டினார்.

மதினி பெனடிட்டா தூக்குச்சட்டியோடு வந்தாள்.
இறால் கம்பெனி மூடியிருக்கிறது.
நிவாரணம் அட்டை உள்ளவர்களுக்கு,
அட்டை கடலுக்குப் போகிறவர்களுக்கு,
ஐஸ் தின்று வெளுத்த பத்து விரல்கள்
கடலுக்குப் போனதாகக் கணக்கில் இல்லை.
போனை எட்டிப் பார்த்தாள்.
"என்ன கேக்குது?"
சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"வேல தேடுறியாளான்னு
என்ன ஒருத்தரும் இதுவர கேட்டதில்ல தம்பி.
மாசாமாசமா கேக்குறாக?"

ஆம் என்று அழுத்தினேன்.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
"அது சுத்துற வரைக்கும்
அந்தப் பக்கத்துப் பலகைய எடு" என்று
அத்தான் இன்னொரு சுரண்டியை நீட்டினார்.
எடுத்தேன். ஒரு முழம், இரண்டு முழம்.
உப்பு ஊறிய மரம் ஈர வாசனையோடு வெளியே வந்தது.

திரும்பிப் பார்த்தபோது அடுத்த கேள்வி நின்றது:
இந்த மாதம் ஏதாவது வேலை செய்தீர்களா?

உள்ளங்கை முழுக்கப் பச்சை.
தூக்குச்சட்டியில் சோறு, நகரைக் குழம்பு.
இதைக் கூலி என்று எழுதலாமா,
எழுதினால் எத்தனை யூரோ என்று யோசிப்பதற்குள்
நீரோட்டம் மாறிப் படகு திரும்பியது.
அணியம் பாம்பன் பக்கம் போனது.
இலங்கை போய்விட்டது.